நிதானம் திறந்த சிடி

எங்கள் நூலகத்தின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு ‘நிதானம்’ என்று பெயர் வைத்தது நான்தான். பாராட்டி வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள், எரிச்சலில் வைத்தது. பதினோரு வருஷமாக அவளும் நானும் ஒரே கூரையின் கீழ் வேலை பார்க்கிறோம். அவளைப் பார்த்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததிலேயே அதில் முக்கால்வாசி போய்விட்டது. இன்றைக்கு அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் கூட வேலை பார்க்கிறவர்கள் யாரும் நம்பமாட்டார்கள்.

நான் புத்தகம் கொடுத்து வாங்கும் கவுன்டரில் இருக்கிறேன். எனக்குக் கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். திருப்பு, பார்கோடைக் காட்டு, முத்திரை குத்து, தள்ளு, அடுத்த ஆள். வாயும் கைக்குச் சளைத்ததில்லை. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் தயாராக உட்கார்ந்திருக்கும். “உனக்குக் குக்கர் விசில் அடிக்கிற வரைக்கும்கூடப் பொறுமை கிடையாது” என்பார் என் வீட்டுக்காரர். பொய்யில்லை. இரண்டாவது விசிலிலேயே அடுப்பை அணைத்துவிட்டு, வேகவில்லையே என்று அடுப்பைத் திட்டுகிறவள் நான்.

அவள் நேர் எதிர். கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று போனில் நான் கத்தினால் மறுமுனையிலிருந்து ஒரே கேள்விதான் வரும்.

“அது என்ன சொல்லுதுக்கா?”

“திரையில என்னமோ ஒரு பெட்டி வந்துச்சு, ரெண்டு வரி இருந்துச்சு. நான் மூடிட்டேன்.”

“அது வாயைத் திறந்து சொல்ல வந்ததே அதைத்தானேக்கா. சரி, இருங்க, வர்றேன்.”

அந்த ‘வர்றேன்’ சொன்னதிலிருந்து அவள் படியேறி வருவதற்குள் நான் இருபது பேரை அனுப்பியிருப்பேன். வந்தாலும் உடனே கீபோர்டைத் தொடமாட்டாள். கையில் ஒரு நீள நோட்டு இருக்கும். திரையில் இருப்பதை முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்து நோட்டில் எழுதிக்கொள்வாள். பிறகு ஒரே ஒரு காரியம் செய்வாள். என்ன ஆயிற்று என்று பார்ப்பாள், அதையும் எழுதுவாள். அதற்குப் பிறகுதான் அடுத்தது. “ரெண்டை ஒண்ணா மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாம போயிடும்க்கா” என்பாள். எதனால சரியானால் என்ன, சரியானால் போதாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் இந்த வேலைக்குப் படித்து வந்தவள் இல்லை. புத்தகங்களுக்கு பார்கோடு ஒட்ட ஆறு மாதத்துக்கு என்று எடுத்தார்கள். அப்போது கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர் வேறு வேலை கிடைத்து ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாமே லினக்ஸில் ஓடுகிறவை, பழைய மெஷின்களுக்கு அதுதான் ஒத்துவந்தது. அதைத் தெரிந்தவர்கள் யாரும் கிடைக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவள், “நான் வேணா பாக்கட்டுங்களா?” என்று நூலகத் தலைவரிடம் கேட்டாள். பார்க்கட்டும், இதற்கு மேல் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று விட்டார்கள். இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

அந்தக் காலத்துப் பாடப் புத்தகங்களின் பின்னட்டையில் ஒரு பையும் பைக்குள் ஒரு சிடியும் இருக்கும். அப்படி எங்களிடம் ஆயிரத்து நானூறு சிடி சேர்ந்திருந்தது. யாரும் கேட்பதில்லை, தூக்கிப்போடுங்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இவள் ஒரு வருஷம் அவகாசம் கேட்டாள். நாலு வருஷம் எடுத்துக்கொண்டாள். தினம் ஒன்று, இரண்டு என்று எல்லாவற்றையும் நகலெடுத்தாள். கீறல் விழுந்தது, தேநீர் கொட்டியது, யாரோ குழந்தை கடித்துப் பல் பதிந்தது, எதையும் விடவில்லை. அதில் ஒரு மொழிப் பயிற்சி சிடிக்காக ஒன்பது நாள் உட்கார்ந்தாள். “யாரு கேக்கப் போறா இதை?” என்று நான் வாய்விட்டே கேட்டேன். “இதுவரைக்கும் யாரும் கேக்கல” என்று மட்டும் சொன்னாள். என்ன பதில் இது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

போன மாதம் அந்தத் தலை குனிய வேண்டி வந்தது.

என் தங்கைக்கு மூன்று வாரமாக இருமல். பள்ளிச் சீருடை தைக்கிறவள், நூல் தூசிதான் காரணம் என்று நினைத்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். இடது நுரையீரலில் பட்டாணி அளவில் ஒரு புள்ளி. டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

“இது புதுசா வந்திருந்தா விட்டு வைக்கக் கூடாதும்மா. நெஞ்சைத் திறந்து எடுத்துப் பாத்துடணும். ரொம்ப நாளாவே இருக்கிறதா இருந்தா, வளராம இருந்தா, தொடவே வேணாம். முன்னாடி எப்பவாவது நெஞ்சுல ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?”

எடுத்திருந்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் படியில் உருண்டு விலா எலும்பு விரிசல் விட்டது. அன்றைக்கு எல்லோருடைய கண்ணும் எலும்பின் மேல்தான், வேறு எதையும் யாரும் தேடவில்லை. எடுத்த இடத்தை இழுத்து மூடிவிட்டார்கள், அங்கே இப்போது சோபா விற்கிறார்கள். ஆனால் அவர்கள் கொடுத்த சிடி, தங்கையின் தையல் மெஷின் டிராயரில், பாபின்களுக்கு அடியில் உறையோடு கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இவ்வளவு முக்கியமான சிடி ஆஸ்பத்திரியில் கைமாறித் தொலைந்துவிட்டால்? ஒரு பொருள் தொலையக் கூடாதென்றால் நூலகக்காரிக்குத் தெரிந்தது ஒரே வழிதான். புத்தக முதுகில் ஒட்டுகிற கெட்டி ஸ்டிக்கரில் தங்கை பெயரும் என் போன் நம்பரும் எழுதினேன். சிடியின் மேல்பக்கத்தில், ஓரமாக ஒட்டி, காற்றுக் குமிழ் இல்லாமல் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அந்த சிடியை இரண்டு நிமிஷம் மென்றுவிட்டுத் துப்பியது. பக்கத்து அறை மெஷின் சிடி காலி என்றது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்க. அதுக்குள்ள யாராவது இதைத் திறந்து குடுத்தா சந்தோஷம். இல்லைன்னா ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிடலாம். தள்ளிப்போட எனக்கு மனசில்ல.”

வெளியே வந்ததும் தங்கை ஒன்றே ஒன்று சொன்னாள். “அக்கா, நெஞ்சைத் திறக்கணும்னு சொல்றாங்க. கதவைத் திறக்கிறாப்பல சொல்றாங்க.” அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு. என் பயத்தை மறைக்க அவளைத் திட்டினேன், நீ வாயை மூடிக்கிட்டு வா என்று.

அவளை இழுத்துக்கொண்டு நேராக நூலகம் வந்தேன். என் கவுன்டர் கம்ப்யூட்டரில் சிடியைப் போட்டேன். லினக்ஸில் சிடியை உள்ளே தள்ளினால் மட்டும் போதாது, அதற்குள் இருப்பதை ஒரு ஃபோல்டராகக் கொண்டுவந்து மாட்ட வேண்டும். மவுண்ட் செய்வது என்பார்கள். வழக்கமாகத் தானே மாட்டிக்கொள்ளும். இது மாட்டவில்லை. ‘மவுண்ட் செய்ய முடியவில்லை’ என்று ஆரம்பித்து ஒரு பெட்டி வந்தது. மூடினேன். வெளியே எடுத்து மறுபடி போட்டேன். மறுபடி பெட்டி, மறுபடி மூடினேன். கைக்குட்டையால் வட்ட வட்டமாகத் துடைத்துப் போட்டேன். பிறகு போனில் ஒரு வீடியோவில் யாரோ ஒருவர் பற்பசை போட்டுத் தேய்க்கச் சொன்னதைப் பார்த்து, கழிவறைக் குழாயடியில் நின்று அதையும் செய்தேன். சிடி பளபளவென்று வந்தது, மவுண்ட் மட்டும் ஆகவில்லை. இவ்வளவையும் முடித்த பிறகுதான் கீழே இருக்கிறவள் நினைவுக்கு வந்தாள் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அவள் அறை மாடிப்படிக்குக் கீழே. ஒற்றை ஜன்னல், அதன் வழியாக சைக்கிள் நிறுத்துமிடத்துச் சக்கரங்கள் மட்டும் தெரியும். திறந்து வைத்த கம்ப்யூட்டர்கள், கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட வயர்கள், நாற்காலியில் நாலாக மடித்த பழைய துண்டு. நான் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். புள்ளி, டாக்டர், நாளை பதினோரு மணி. அவள் என்னை விட்டுவிட்டுத் தங்கையைப் பார்த்தாள். தன் நாற்காலியைக் கொடுத்து உட்காரவைத்தாள்.

“மேடம், இது சரியாயிடுமா?” என்று தங்கை கேட்டாள்.

“தெரியலைங்க. தெரிஞ்சதும் அப்படியே சொல்றேன், மறைக்கமாட்டேன்.”

ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள் என்று எனக்குச் சுருக்கென்று வந்தது. அவள் நோட்டைப் பிரித்தாள்.

“இதுவரைக்கும் என்னென்ன பண்ணீங்கக்கா? வரிசையா சொல்லுங்க.”

சொன்னேன். பற்பசையை மட்டும் விழுங்கிவிட்டேன். அவள் சிடியை ஓரத்தில் பிடித்து வாங்கி, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரு தரம் மோந்து பார்த்தாள்.

“பேஸ்ட் போட்டீங்களா?”

“கொஞ்சம்.”

திட்டவில்லை. நோட்டில் ‘பற்பசை’ என்று எழுதிக்கொண்டாள். சோப்பு நீர் கலந்து, மெல்லிய துணியால், நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டில் துடைத்தாள். “வட்டமா துடைச்சா கீறலும் வட்டமா விழும். படிக்கிறதும் வட்டமாத்தான் படிக்கும், நீளத்துக்கும் மாட்டிக்கும்” என்று தங்கைக்குச் சொன்னாள். எனக்குச் சொல்லவில்லை, அதுவும் ஒரு நாகரிகம்தான்.

காய்ந்ததும் உடனே போடுவாள் என்று பார்த்தால், அலமாரியிலிருந்து வேறு ஒரு சிடியை எடுத்துப் போட்டாள். எனக்குக் கொதித்தது.

“ஏம்மா, எங்க உயிர் போகுது, நீ என்னத்தையோ போடுறியே.”

“இது நல்ல சிடின்னு எனக்குத் தெரியும்க்கா. இது திறந்தா சிடி சுத்துற டிரைவ் மேல தப்பில்ல, லினக்ஸ் மேலயும் தப்பில்ல. அப்புறம் உங்க சிடியை மட்டும் பாத்தா போதும்.”

அது திறந்தது. டிக் போட்டாள். பிறகுதான் எங்களுடையதைப் போட்டாள். கூடவே திரையில் ஒரு கறுப்பு ஜன்னலைத் திறந்தாள். லினக்ஸ் தனக்கு நடப்பதையெல்லாம் ஒரு நாட்குறிப்பு மாதிரி எழுதிக்கொண்டே வருமாம், அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை, அடுத்த இடத்தையும் முடியவில்லை என்று வரிவரியாக ஓடியது. மவுண்ட் ஆகவில்லை. டிரைவ் உறுமியது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு, உள்ளங்கையை டிரைவின் மேல் வைத்தாள். காய்ச்சல் பார்க்கிற மாதிரி அப்படியே வைத்திருந்தாள்.

“ஆடுது” என்றாள்.

“என்ன ஆடுது?”

“சிடி ஆடுதுக்கா. நல்ல சிடி போட்டப்ப ஆடல.” வெளியே எடுத்துத் திருப்பினாள். “இந்த ஸ்டிக்கர் எப்ப ஒட்டினது?”

“நேத்து ராத்திரி நான்தான்...” என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினேன். என்னென்ன செய்தாய் என்று கேட்டபோது ஸ்டிக்கர் என் நினைவுக்கே வரவில்லை. ஸ்டிக்கர் ஒட்டுவதை ஒரு காரியமாகவே நான் நினைத்ததில்லை, மூச்சு விடுகிற மாதிரி அது. கெட்டி ஸ்டிக்கர் ஒரு பக்கம் பாரமாக உட்கார்ந்திருக்க, சிடி சுழல்கிற வேகத்தில் தள்ளாடியிருக்கிறது. ஆஸ்பத்திரியிலும் இதேதான் நடந்திருக்கிறது. என் தங்கையின் நெஞ்சைத் திறக்கவைக்கப் பார்த்தது நான் ஒட்டிய ஸ்டிக்கர்.

என்ன செய்கிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. அவள் கையிலிருந்து சிடியைப் பிடுங்கி, ஸ்டிக்கரின் மூலையில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பதினோரு வருஷத்தில் அவள் வேகமாகச் செய்து நான் பார்த்த ஒரே காரியம் அது.

“போதும்க்கா. அப்படியே விடுங்க.”

என் நகத்தில் வெள்ளி நிறத்தில் ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. சிடியைத் தூக்கிப் பார்த்தால், உரிந்த மூலையில் ஓர் எள் அளவுக்கு ஜன்னல் வெளிச்சம் தெரிந்தது.

“சிடியில எழுதியிருக்கிறது மேல்பக்கத் தோலுக்கு ஒட்டினாப்பல இருக்கும். ஸ்டிக்கரை உரிச்சா அதுவும் கூடவே வந்துடும்” என்றாள்.

தங்கை என் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. நான் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாவி, உன் அவசரம் உன்னோடு போகாதா, கூடப்பிறந்தவள் தலையிலா விடியணும் என்று என்னை நானே சபித்துக்கொண்டேன்.

நிதானம் சிடியை ஜன்னலருகே கொண்டுபோய், சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“இங்க பாருங்க. நடுவுலேருந்து இந்தக் கோடு வரைக்கும் கொஞ்சம் கறுப்பா தெரியுது, அதுக்கு அப்புறம் வெளுப்பு. சிடி உள்ளேருந்து வெளிய எழுதிக்கிட்டு வரும். உங்களுது பாதியில முடிஞ்சிடுச்சு. அக்கா உரிச்சது வெறும் இடம்.”

“நிஜமாவா மேடம்?”

“கோட்டுக்கும் அதுக்கும் நடுவுல அரை விரல் இருக்கு.”

அந்த அரை விரலுக்கு நான் பெரிய கும்பிடு போட்டேன். ஆனால் ஸ்டிக்கர் இன்னும் அங்கேயேதான் இருந்தது. எடுக்கவும் முடியாது, அதோடு சுழலவும் முடியாது. “என்ன பண்ணப் போறே?” என்று கேட்டேன். அவள் நோட்டில் ஒரு வட்டம் போட்டு யோசித்துக்கொண்டிருந்தாள்.

“உங்ககிட்ட அதே ஸ்டிக்கர் இன்னொண்ணு இருக்காக்கா?”

இரண்டிரண்டு படியாக ஏறிப்போய் முழுச் சுருளையும் கொண்டுவந்தேன். அவள் ஸ்கேல் வைத்து, நடு ஓட்டையைத் தாண்டி நேர் எதிரே, அதே தூரத்தில் பென்சிலால் தொட்டும் தொடாமலும் ஒரு அடையாளம் செய்தாள். இரண்டு பக்கமும் ஒரே பாரம் இருந்தால் ஆடாது என்பது அவள் கணக்கு. சுருளை என்னிடம் நீட்டினாள்.

“நீங்களே ஒட்டுங்க.”

“நானா? இவ்வளவு பண்ணினது பத்தாதா?”

“உங்க கையி இதுல பழகினதுக்கா. எனக்கு விட்டுப்போச்சு, கோணும்.”

வேறு யாராக இருந்தாலும் என்னை அந்த அறையை விட்டே வெளியே தள்ளியிருப்பார்கள். நாற்பதாயிரம் புத்தகத்துக்கு ஸ்டிக்கர் ஒட்டிய நான், அன்றைக்கு முதல் முறையாக ஒட்டுவதற்கு முன் இரண்டு தடவை அளந்து பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினேன். கோணவில்லை.

மீண்டும் உள்ளே போட்டாள். ஒரு வரி தட்டி டிரைவின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாள். கையை மேலே வைத்துப் பார்த்துத் தலையசைத்தாள். இப்போதாவது மவுண்ட் பண்ணேன் என்று என் நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவளே சொன்னாள். “நலிஞ்ச சிடியைத் திறந்து அங்கயும் இங்கயும் மேய விடக்கூடாதுக்கா. முதல்ல அப்படியே ஒரு நகல் எடுத்துடணும். அப்புறம் நகலைத் திறந்துக்கலாம். படிக்க முடிஞ்சதையெல்லாம் முதல்ல எடுக்கும். முடியாத இடத்தைத் தாண்டிப் போயிட்டு, கடைசியில திரும்பி வந்து பாக்கும்.”

நகலெடுக்க நாலு மணி நேரம் ஆனது. அந்த நாலு மணி நேரமும் என் தங்கை பித்துப்பிடிக்காமல் இருந்தாள் என்றால் அதற்கும் இவள்தான் காரணம். நோட்டையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்து, “பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இங்க இருக்கிற நம்பரை எழுதுங்க, எனக்கு உதவியா இருக்கும்” என்றாள். அந்த நம்பர் எங்கேயும் போய்விடாது, கம்ப்யூட்டரே குறித்து வைத்துக்கொள்ளும் என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. தங்கை துணியில் அளவு குறிக்கிற மாதிரி ஒழுங்காக எழுதினாள். ஒரு மணிக்கு நிதானம் டப்பாவைத் திறந்து ரொட்டியை மூன்றாகப் பிரித்தாள். அவள் வீட்டுக்காரர் பேக்கரி அடுப்பில் வேலை பார்க்கிறவர், அவர் கொண்டுவந்தது. என் பங்கை நான் தங்கை பக்கம் தள்ளினேன். தங்கை முழுதும் தின்றாள்.

நாலரைக்குச் சத்தம் நின்றது. பதினோரு இடங்களைப் படிக்கவே முடியவில்லை என்று திரை சொன்னது.

“அந்தப் பதினொண்ணுல அந்தப் புள்ளி இருந்துச்சுன்னா?” என்று தங்கை கேட்டாள். நானும் அதைத்தான் நினைத்தேன், கேட்கத் தைரியம் இல்லாமல் நின்றேன்.

“இருக்கலாம். பாக்கணும்” என்றாள் நிதானம். அதே குரல், அதே வேகம். எந்த இடத்தில் எந்த ஃபைல் இருக்கிறது என்ற பட்டியலை எடுத்தாள். பதினோரு நம்பரையும் ஒவ்வொன்றாக அதில் விரல் வைத்துத் தேடினாள். இரண்டாவது தடவை மறுபடி முதலிலிருந்து தேடினாள். பிறகு நிமிர்ந்தாள்.

“பதினொண்ணும் ஒரே ஃபைல்ல விழுது. படம் பாக்கிறதுக்குன்னு அந்தக் காலத்துல கூட ஒரு புரோகிராம் வெச்சுக் குடுப்பாங்க, அதுல. அது நமக்கு வேணாம். ஆஸ்பத்திரியில அவங்க புரோகிராம் இருக்கும்.”

நகலை மவுண்ட் செய்ய ஒரு வரி அடித்தாள். எதுவுமே நடக்கவில்லை. பெட்டி வரவில்லை, சத்தம் வரவில்லை.

“என்னம்மா ஆச்சு?”

“ஆயிடுச்சுக்கா. நல்லபடியா முடிஞ்சா அது ஒண்ணும் பேசாது.”

ஃபோல்டரில் இருநூற்றுப் பதினான்கு படங்கள் இருந்தன. தங்கை எழுந்து வந்து திரைக்கு முன்னால் நின்றாள். “ஒண்ணே ஒண்ணு திறங்க மேடம். அது இருக்கா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க.”

நிதானம் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

“படம் எல்லாம் முழுசா இருக்கான்னு மட்டும் கம்ப்யூட்டரை விட்டுச் சரிபார்க்கிறேன். நான் பாக்கமாட்டேங்க.”

“ஏன்?”

“எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனா நான் பாத்தா நீங்க என் மூஞ்சியப் பாப்பீங்க. நான் எதையாவது தப்பா நினைச்சு முகம் மாறினா, நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் நீங்க அதையே நினைச்சுக்கிட்டு இருக்கணும். அது வேணாம்.”

இவளைத்தான் மந்தம், மந்தம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அடக்கவில்லை. இருநூற்றுப் பதினான்கும் சரியாக இருக்கிறதென்று கம்ப்யூட்டர் சொல்லும்வரை அவள் நகரவில்லை. ஒரு புதுச் சிடியிலும் ஒரு பென்டிரைவிலும் போட்டுத் தங்கை கையில்தான் கொடுத்தாள், என்னிடம் தரவில்லை. “இதுல எதையும் ஒட்டாதீங்கக்கா” என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடப்பக்கம் ஒன்பது வருஷத்துக்கு முந்தியது, வலப்பக்கம் இந்த மாதத்தது. மவுஸை உருட்ட உருட்ட ஒவ்வொரு படமாக நகர்ந்தது. தங்கை என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் சதையில் பதிந்தது. புள்ளி இருக்க வேண்டும் என்று ஒரு மனுஷி வேண்டிக்கொள்ளக்கூடும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தோம். உருட்டிக்கொண்டே இருந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, பின்னுக்குப் போய், கோடு போட்டு அளந்தார்.

“இருக்கு” என்றார். “அப்பவே இருந்திருக்கு. அதே இடம், அதே அளவு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

தங்கை என் கையை விட்டாள். “அப்ப அறுக்க வேணாமா டாக்டர்?”

“இதைப் போய் எதுக்கு அறுக்கணும்? இருமலுக்கு மருந்து தர்றேன். ஒரு வருஷம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கலாம். இந்தப் பழைய படத்தை மட்டும் தொலைச்சுடாதீங்க.”

வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். தங்கை மூக்கைச் சிந்தினாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். நான் நிதானத்துக்குப் போன் போட்டேன். “இருந்துச்சும்மா. ஒன்பது வருஷமா அப்படியே இருக்காம். ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க” என்றேன். மறுமுனையில் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது.

“ரொம்ப சந்தோஷம்க்கா. போனை அவங்ககிட்ட குடுங்களேன், ஒண்ணு கேக்கணும்.”

ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

“உங்க படத்தோட நகல் இன்னும் என் மெஷின்ல இருக்குங்க. அது உங்க உடம்பு சம்பந்தப்பட்டது, உங்களைக் கேக்காம நான் வெச்சுக்கக் கூடாது. அழிச்சிடட்டுமா?”

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“அழிக்காதீங்க அக்கா. ஒன்பது வருஷம் எனக்கே தெரியாம அந்தப் புள்ளியை நான் வெச்சிருந்தேன். இனிமே நீங்களும் அதுல ஒரு நகல் வெச்சுக்கோங்க.”